எழுதாமல் விட்டது

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதை எங்கள் பக்கத்தில் அவமரியாதை என்றே நினைத்திருந்தார்கள். பத்திரத்தை நீட்டியவரின் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும். தாளைப் பார்த்துப் போட்டால், ‘அப்ப என்னைய நம்பலையா’ என்று ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வயலையும் கிணற்றையும் விட்டவர்கள் குளத்தூர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு வெள்ளைக்கார நர்சம்மா வாடகைக்கு வீடு கேட்டு வந்தார். பத்திரத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னால்தான் கையெழுத்து என்றார். படித்துச் சொல்கிற வேலையில் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம். என் அப்பா திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்ததால் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எனக்கு அப்போது ஏழாம் மாசம்.

ஏழாம் மாசம் என்றால் மற்றப் பெண்களுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். முதல் பிள்ளையை நான் மாட்டு வண்டியில் பறிகொடுத்தவள். வலி கண்டு ஒரு பகல் முழுக்க ஆகியும் ஒன்றும் நடக்காமல், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வழியில் பாலத்துக்கு மேலே மழைத்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடியக் காத்திருந்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

அதனால், பிள்ளைப்பேறு பார்க்கிற நர்சு ஒருவர் எங்கள் ஊரிலேயே குடியிருக்க இடம் தேடுகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. டென்மார்க் தேசத்துக்காரர். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். திருச்சியில் இரண்டு வருஷம் தமிழ் படித்திருந்தார். அந்தத் தமிழ் அப்படியே பாடப்புத்தகம். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, “ஐயா, தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா?” என்பார். ஆட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். தீபாவளிக்குள் வீடு அமையாவிட்டால் அவரை அனுப்பிய சபை வடக்கே எங்கோ மாற்றிவிடும் என்றும் சொன்னார். தீபாவளிக்கு ஒரு மாசம்கூட இல்லை.

வீடு இருந்தது. என் மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், கண்மாய்க் கரையில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பூட்டிப் போட்டிருந்தார். இடிந்து விழுவதைவிட யாராவது குடியிருக்கட்டுமே என்று அவரும் சம்மதித்தார். வீட்டைச் சுற்றிக் காட்டப் போனபோது நானும் நர்சம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கியபடி போனேன். வடக்கு அறையில் நல்ல ஜன்னல், கல் பாவிய தரை. மூலையில் உயரமான பலகையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. “அது பழைய சாமான் ஒண்ணு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்றார் பெரிய மாமா. நர்சம்மா தலையாட்டிவிட்டு, அறையைக் காலடியால் அளந்தார். பிரசவக் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போட்டால் வெளிச்சம் சரியாக இருக்கும் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்.

அந்தப் ‘பழைய சாமான்’ எங்கள் வீட்டுச்சாமி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த ஓர் ஆத்தாவின் சேலையும் வளையலும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. தை மாசம் பங்காளிகள் அத்தனை வீட்டாரும் அண்டா குண்டாவோடு வந்து, இரண்டு நாள் அங்கேயே பொங்கித் தின்று, பெட்டிக்குப் புதுச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். படைப்பு என்று பெயர். தீட்டு என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டோம். அந்த அறையில் பிரசவமா?

பெரிய மாமா இதை மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கே தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரசவம் பார்ப்பதை அந்தம்மா என்னிடம் இங்கிலீஷில்தான் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரம்மா காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க வருகிறார் என்று பெரிய மாமா நினைத்திருந்தார். அந்தம்மாவோ பெட்டியை வெறும் பெட்டி என்று நினைத்திருந்தார். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, “நீ வாயத் தொறக்காத. ஒனக்கு நாள் நெருங்குது” என்றார். போன முறை தொடையளவு தண்ணீரில் வண்டிக்கு முன்னால் நடந்து பள்ளம் பார்த்தவர் அவர். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நானும் விரல் விட்டு எண்ணினேன். எனக்குக் கார்த்திகையில் பேறு. படைப்பு தையில். அதற்குள் நான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருப்பேன். அப்புறம் எது எப்படிப் போனால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க இப்போது அவசியம் இல்லை.

பத்திரம் எழுதும் நாள் காலையில் குளத்தூரிலிருந்து பத்திரக்காரர் சைக்கிளில் வந்தார். காதில் நூல் போட்டுக் கட்டிய கண்ணாடி. பெரிய மாமா குடியிருந்த வீட்டு முன்கட்டில் அவரும் நர்சம்மாவும் பத்திரக்காரரும் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் மருமகள்கள் பெரிய மாமாவுக்கு எதிரே நிற்பதில்லை. அதனால் கதவுக்குப் பின்னால் மணை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வேண்டியதைக் கதவைப் பார்த்துக் கேட்பார்கள், கதவு பதில் சொல்லும்.

முத்திரைத் தாளில் எழுதுவதற்கு முன்னால் வெள்ளைத் தாளில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும் என்று நர்சம்மா கேட்டார். பத்திரக்காரர் வாழ்நாளில் அப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை. ஆனாலும் எழுதினார். எழுதியதை ராகம் போட்டுப் படித்தார். வீட்டின் நாலு எல்லையும் வந்தது. பிறகு, “மேற்படி வீட்டை நிதி நிட்சேப ஜல தரு பாஷாணங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சந்திராதித்தர் உள்ளவரை ஆண்டு அனுபவித்து” என்று ஒரே மூச்சில் ஓடினார்.

நர்சம்மா கையை உயர்த்தினார். “ஐயா, நிதி நிட்சேபம் என்பதன் பொருள் யாது?”

பத்திரக்காரர் கதவைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. “நீங்களே சொல்லுங்க” என்றது கதவு.

“அதுங்களா... பூமிக்குக் கீழ இருக்கிற பொதையல்” என்றார் அவர்.

“இந்த வீட்டில் புதையல் கிடைத்தால் அது எனக்கா?”

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரிய மாமாவின் கை நின்றது. “பொதையலையும் சேத்தாய்யா வாடகைக்கு விட்ட?”

“எல்லாப் பத்திரத்துலயும் வாரதுதாங்கய்யா. கிரயத்துக்கு எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. இது இல்லாட்டிப் பத்திரம் மொட்டையா இருக்கும்ங்க.”

நர்சம்மா விடவில்லை. புத்திர பௌத்திர பாரம்பரியம் என்றால் மகன், பேரன் வழியாக என்று நான் சொன்னதும், தமக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று முகம் மாறாமல் தெரிவித்தார். சந்திரனும் சூரியனும் உள்ளவரை தாம் இருக்க முடியாது, மூன்று வருஷம் போதும் என்றார். கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பெரிய மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தம் வீட்டையே விற்க இருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “இன்னும் என்னென்ன எழுதி வச்சிருக்க? மொதல்லேருந்து படி. மெதுவா படி” என்றார். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவர் முதல் தடவையாக ஒரு பத்திரத்தை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டார்.

வேண்டாததை எல்லாம் அடித்த பிறகு தாளில் எட்டே வரி மிஞ்சியது. எல்லாருக்கும் திருப்தி. பத்திரக்காரர் முத்திரைத் தாளை எடுத்தார். அப்போது நர்சம்மா எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் இங்கிலீஷில் பேசினார். முன்பு வேறோர் ஊரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாராம். வீடு அவருக்கு, கொல்லைக் கிணறு வீட்டுக்காரரின் தம்பிக்கு. எட்டு மாசம் தெருவிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறார். ஊரே அறிந்த விஷயம், அதனால் யாரும் எழுதவில்லை. எழுதியதை நீ சொல்லிவிட்டாய், எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் சொல் என்றார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கையெழுத்து விழும், கார்த்திகையில் எனக்கு நர்சு இருப்பார். அந்த ஒரு சொல் என் வாயில் வந்து நின்றது. ஆனால் தை மாசம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்டாவும் ஆளுமாகப் பங்காளிகள் வந்து இறங்குகிறார்கள். உள்ளே எவளோ ஒருத்தி வலியில் கிடக்கிறாள். அவளை அந்தக் கோலத்தில் தூக்கி வண்டியில் போடுவார்கள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. வண்டி எப்படி ஆடும் என்பது தெரியும்.

சொல்லிவிட்டேன். பெட்டியைப் பற்றி அந்தம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். பிரசவத்தைப் பற்றிப் பெரிய மாமாவிடம் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நல்லது செய்த நிறைவெல்லாம் எனக்கு இல்லை. என் கையாலேயே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்றுதான் இருந்தது.

“பிரசவமா? அந்த வீட்லயா?” என்றார் பெரிய மாமா. நர்சம்மா பேனாவை மூடிப் பையில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அவர் கிளம்பவில்லை.

“ஐயா, அந்தப் பெட்டியில் இருப்பவர் எவ்வாறு இறந்தார்?” என்று கேட்டார்.

அதை நான்கூட அதுவரை கேட்டதில்லை. சுமங்கலியாகப் போன ஆத்தா என்பார்கள், கும்பிடுவேன். பெரிய மாமா, “பேறுகாலத்துலதான். ரெண்டு நாள் பாடுபட்டுச்சாம். பிள்ளையும் தங்கல” என்றார்.

“அவருக்கு அருகில் மருத்துவச்சி எவரும் இருக்கவில்லையா?”

“இருந்திருந்தா நாங்க ஏம்மா படைக்கிறோம்.”

சொன்னவருக்கே அது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. எழுந்து வெளியே போனார். வெற்றிலையைத் துப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்து, “வடக்கு ரூம்பு ஆத்தாவுக்கு. அத நான் மாத்த முடியாது. கெழக்கு ரூம்ப எடுத்துக்கங்க. அங்கிட்டு ஜன்னல் இல்ல, நான் வெட்டித் தாரேன்” என்றார்.

“நன்றி ஐயா. அதையும் எழுதுங்கள்” என்றார் நர்சம்மா.

படைப்பு நடக்கும் இரண்டு நாளும் வடக்கு அறையோடு முன்கட்டையும் விட்டுக் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு பெண் வலியோடு வந்தால் கிழக்கு அறையில் அவளை யாரும் தொடக் கூடாது என்பதற்குப் பெரிய மாமா ஒத்துக்கொண்டார். பங்காளிகளிடம் தாம் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். பேசிவிட்டு வந்த பிறகு கையெழுத்து வைத்துக்கொள்ளலாமே என்றார் நர்சம்மா. ஊரில் மீசை முறுக்கி நடந்த மனிதரிடம் அதுவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கதவைப் பார்த்து, “ஏ ஆத்தா, நீ படிச்ச பள்ளிக்கூடத்துலயும் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார். குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

மூன்று நாள் அலைந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற பங்காளி வீடு வரை பஸ்ஸிலும் நடையிலும் போனார். ஒருவர் முடியவே முடியாது என்றாராம். அவர் மருமகள் உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பெரிய மாமா கையில் கொடுத்து, “எனக்கு மார்கழியில நாளுங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாம். அதற்கப்புறம் அந்த மனிதரும் கைநாட்டு வைத்தாராம். மூன்றாம் நாள் பெரிய மாமா நாலு பங்காளிகளின் கைநாட்டு வைத்த தாளைக் கொண்டுவந்து நர்சம்மா முன்னால் வைத்தார். அந்தம்மா அதையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பிறகுதான் கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்குப் பத்திரக்காரர் என் வீட்டுக்காரரைத் தேட, “படிச்சுச் சொன்னது அவதானே, அவ போடட்டும்” என்றார் பெரிய மாமா. கதவைத் தாண்டி வந்து அவர் எதிரே நான் நின்றது அன்றைக்குத்தான். என் பெயரை முழுதாக எழுதினேன்.

ஐப்பசியில் கிழக்குச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்தார்கள். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பிப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போன அந்த வாரத்தில் ஒரு நாள் விடிந்ததும் எனக்கு வலி எடுத்தது. வண்டி கட்டவில்லை. என் வீட்டுக்காரர் குடை பிடிக்க, நாலு தெரு நடந்தே போனேன். ஜன்னலைச் சுற்றிப் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பாடப்புத்தகத் தமிழில், “அம்மா, தாங்கள் இப்பொழுது முயற்சி செய்ய வேண்டும்” என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உச்சிப் பொழுதுக்குள் பெண் பிறந்தாள். அழுதாள். அவள் அழுததைக் கேட்டு நான் அழுதேன். வெளியே மழையில் நின்ற என் வீட்டுக்காரரும் அழுதார் என்று பெரிய மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தையில் படைப்பு வந்தது. பங்காளிகள் அண்டாவோடு வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு நாளும் நர்சம்மா வாசல் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் முன்கட்டுக்குள் காலை வைக்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். முதலில் முடியாது என்ற அந்தப் பங்காளியின் மருமகளும் மார்கழியில் இதே வீட்டில் பெற்ற பிள்ளையோடு வந்திருந்தாள். புதுச் சேலையைப் பெட்டிக்கு வைத்துக் கும்பிட்டதும், போன வருஷத்துச் சேலையை எடுத்து வீட்டுப் பெண்ணாகப் பிறந்தவள் ஒருத்திக்குக் கொடுப்பது வழக்கம். பெரிய மாமா அதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பங்காளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தடிக்குப் போய் நர்சம்மா முன்னால் நீட்டினார்.

அந்தம்மா எழுந்து நின்றார். கையை நீட்டவில்லை. “ஐயா, இதைப் பெற்றுக்கொண்டால் நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்ய வேணாம். கட்டிக்கிட்டாப் போதும்” என்றார் பெரிய மாமா.

அந்தம்மா என்னைப் பார்த்தார். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். “இத வாங்குனா நீங்க இந்த வீட்டுப் பொண்ணு. எங்க இருந்தாலும் வருசா வருசம் தைக்கு வரணும். நாங்க உங்களுக்குச் சீர் செய்யணும். நீங்க இல்லாமப் போனா நாங்க அழணும்.”

“எத்தனை வருடங்களுக்கு?”

பெரிய மாமாதான் பதில் சொன்னார். “அதுக்குக் கெடு இல்ல தாயி.”

அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் சேலையை வாங்கிக்கொண்டார்.